ஒரு சிக்னலுக்கு ஒரு த்ரெட் வீணா?

கேள்வி, 2024 ஜனவரி 9

எங்கள் சர்வர் சி மொழியில் எழுதியது. லினக்ஸில் ஓடுகிறது, ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் பன்னிரண்டு த்ரெட்கள். ப்ராசஸை நிற்கச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னல் வந்தால், அதற்கென ஓடும் ஹேண்ட்லர் ஃபங்ஷனுக்குள்ளேயே மியூடெக்ஸ் பூட்டைப் பிடித்து, கியூவில் மிச்சம் இருப்பதை டிஸ்கில் எழுதி, லாக் ஃபைலில் நேரத்தோடு ஒரு வரி போட்டுவிட்டு வெளியேறுகிறோம். மாதத்தில் ஓரிரு முறை நிறுத்தும்போது அப்படியே உறைந்து நிற்கிறது. "சிக்வெயிட் (சிக்னல் வரும்வரை காத்திருக்கும் ஃபங்ஷன்) போடு, அதற்கென்று ஒரு த்ரெட் வை" என்கிறார் கூட வேலை செய்பவர். ஒரு குளோபல் ஃப்ளாக் போதாதா? எப்போதோ வரும் சிக்னலுக்காக ஒரு முழு த்ரெட்டை உட்கார வைப்பது வீண் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 9, இரவு

வீண் இல்லை.

முதலில் ஏன் உறைகிறது என்று பார்ப்போம். ப்ராசஸுக்கு வரும் சிக்னலை, அதை பிளாக் செய்யாத (வராமல் தடுத்து வைக்காத) ஏதாவது ஒரு த்ரெட்டின் தலையில் லினக்ஸின் மையமான கெர்னல் இறக்குகிறது. அந்த த்ரெட் அப்போது எந்த வரியில் இருந்தாலும் அதே இடத்தில் நிறுத்தப்பட்டு, அதன் மேலேயே ஹேண்ட்லர் ஓடும். அது கியூவின் மியூடெக்ஸைப் பிடித்திருந்த நொடியில் சிக்டெர்ம் வந்தது என்று வையுங்கள். ஹேண்ட்லர் அதே மியூடெக்ஸைக் கேட்கிறது. விட வேண்டியவர் கீழே நின்றுபோயிருக்கிறார், கேட்பவர் அவர் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறார். இனி யாரும் நகர முடியாது.

மியூடெக்ஸை எடுத்துவிட்டாலும் தப்பவில்லை. நினைவகம் ஒதுக்கும் மாலாக்குக்கு உள்ளே ஒரு பூட்டு இருக்கிறது. லாகில் நேரம் போட லோக்கல்டைம் கூப்பிடுகிறீர்கள், லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரி ஜிலிப்சியில் அதற்குள்ளும் ஒரு பூட்டு. ஹேண்ட்லருக்குள் கூப்பிடலாம் என்று போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களின் பொதுத் தரம்) தரும் பட்டியல் சின்னது: ரைட், செம்_போஸ்ட், கில், வெயிட்பிட் மாதிரி. பித்ரெட்_மியூடெக்ஸ்_லாக் அதில் இல்லை. தூங்கும் த்ரெட்டைக் கண்டிஷன் வேரியபிள் மூலம் எழுப்புவதும் இல்லை.

ஃப்ளாக் விஷயம். ஹேண்ட்லரில் ஒரு ஃப்ளாகை ஒன்று ஆக்குவது தப்பே இல்லை. ஆனால் அதை யார் பார்ப்பார்கள்? பன்னிரண்டில் பத்து த்ரெட் பித்ரெட்_காண்ட்_வெயிட்டில் தூங்கும். சிக்னல் வந்தது என்று அந்த ஃபங்ஷன் உங்களிடம் சொல்லவே சொல்லாது, அப்படித்தான் விதி. புது இணைப்புக்காக அக்செப்டில் நிற்கும் த்ரெட் முழிக்கலாம், ஹேண்ட்லர் அதன் மேலேயே ஓடியிருந்தால் மட்டும். வேறொன்றில் ஓடியிருந்தால் ஃப்ளாக் ஒன்று, எல்லோரும் தூக்கம். "பத்து மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எழுந்து பார்க்கட்டும்" என்றுதான் இந்தக் கதை எப்போதும் முடிகிறது. உண்மையில் வீண் என்றால் அதைச் சொல்வேன்.

சிக்வெயிட்டில் காத்திருக்கும் த்ரெட்டுக்கு சிபியு செலவு இல்லை. 8 எம்பி ஸ்டாக் என்று கணக்குக் காட்டும், அது விலாசம் மட்டும். தொட்ட பக்கங்களுக்குத்தான் ராம் போகும். சில கேபிதான்.

ஜனவரி 10

எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

மெயினில், முதல் பித்ரெட்_கிரியேட்டுக்கு முன்னால், பித்ரெட்_சிக்மாஸ்க் வைத்து எல்லா சிக்னலையும் பிளாக் செய்யுங்கள். பிறக்கும் ஒவ்வொரு த்ரெட்டும் பெற்றவரின் மாஸ்கை (பிளாக் ஆன சிக்னல்களின் பட்டியல்) அப்படியே எடுத்துக்கொள்ளும், அதனால் இதை ஒரே இடத்தில் செய்தால் போதும். பிறகு ஒரு த்ரெட்டில் சுற்றிக்கொண்டே சிக்வெயிட் கூப்பிடுங்கள். சிக்னல் வந்தால் அதன் எண்ணைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பும்.

திரும்பிய பிறகு நீங்கள் இருப்பது சாதாரண கோடில். யாரும் யார் மேலும் ஏறி உட்காரவில்லை. மாலாக், பிரின்ட்எஃப், மியூடெக்ஸ், பிராட்காஸ்ட் எல்லாம் தாராளமாகக் கூப்பிடலாம். சிக்னல் என்பது தோளைப் பிடித்து உலுக்குவதிலிருந்து, நீங்கள் போய் எடுத்துப் படிக்கும் கடிதமாக மாறிவிடுகிறது. 1995-ல் த்ரெட்களுக்கான போசிக்ஸ் தரம் வந்தபோதே சிக்வெயிட்டும் கூடவே வந்தது. த்ரெட்களும் சிக்னல்களும் ஒரே வீட்டில் குடியிருக்க அப்போதே யோசித்து வைத்த வழி இது.

இரண்டு சின்ன விஷயம். பழைய சிக்ப்ரோக்மாஸ்க் வேண்டாம், பல த்ரெட் உள்ள ப்ராசஸில் அது என்ன செய்யும் என்று தரம் சொல்வதில்லை. அப்புறம், சிக்வெயிட் தோற்றால் பிழை எண்ணை நேராகத் திருப்பும், வழக்கமாகப் பிழை எண் இருக்கும் எர்னோவைப் பார்க்காதீர்கள்.

ஜனவரி 11, காலை

நேற்று "எல்லா சிக்னலையும்" என்று எழுதியது தவறு. இரவு படுத்த பிறகு உறைத்தது. யாரும் அப்படியே எடுத்துப் போட்டுவிட வேண்டாம்.

சிக்செக்வி, சிக்பஸ், சிக்எஃப்பிஇ, சிக்இல் ஆகிய நான்கு சிக்னல்களும் வெளியிலிருந்து வருபவை அல்ல. த்ரெட் தானே செய்த தப்பான நினைவக அணுகலோ, பூஜ்யத்தால் வகுத்தலோ உண்டாக்குபவை. அவை பிளாக் ஆகியிருக்கும்போது உண்டானால் விளைவுக்குத் தரம் பொறுப்பேற்காது. லினக்ஸ் கெர்னல் அந்த நேரத்தில் உங்கள் மாஸ்கையும் ஹேண்ட்லரையும் தள்ளிவிட்டு ப்ராசஸை முடித்துவிடும். ஆகவே கிராஷ் ஆனால் ஸ்டாக்கை எழுதிவைக்க நீங்கள் ஹேண்ட்லர் வைத்திருந்தால் அது ஓடவே ஓடாது. எங்கள் குழுவில் முன்பு இதே காரணத்தால் நான்கு மாதம் ஒரு கிராஷ் அறிக்கைகூட வரவில்லை. கோட் நன்றாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

சிக்வெயிட்டும் இவற்றுக்கு உதவாது. தப்பு செய்த த்ரெட் அந்த வரியிலேயே நிற்கிறது, அது எப்படிப் போய்க் காத்திருக்கும்?

எனவே உங்களுக்கு வேண்டியவற்றை மட்டும் சேருங்கள்: சிக்ஹப் (கான்ஃபிக்கை மறுபடி படிக்க), சிக்இன்ட் (கன்ட்ரோல்-சி), சிக்டெர்ம், தேவையானால் சிக்சைல்டு (குழந்தை ப்ராசஸ் முடிந்தது). மறுமுனை மூடிய பிறகு எழுதினால் வரும் சிக்பைப்பை நேராக இக்னோர் செய்துவிட்டு, ரைட் தரும் பிழையைப் பாருங்கள். பிளாக் செய்யவே முடியாத கில் -9-ஐயும் ஸ்டாப்பையும் மாஸ்கில் சேர்த்தாலும் பயன் இல்லை, சத்தமில்லாமல் விட்டுவிடும்.

ஜனவரி 14

ஞாயிறு, நேரம் இருக்கிறது. "முதல் பித்ரெட்_கிரியேட்டுக்கு முன்னால்" என்று எழுதினேன் அல்லவா, அந்த ஒரு வரிக்காக எங்களுக்கு மூன்று வாரம் போனது. அதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் சர்வரில் மெயின் த்ரெட்தான் சிக்வெயிட்டில் காத்திருக்கும். சிக்ஹப் வந்தால் கான்ஃபிக்கை மறுபடி படிக்கும், அதற்கு இரண்டு செகண்ட் பிடிக்கும். சிக்டெர்ம் வந்தால் கியூவைக் காலி செய்து மூடும். மெயினின் முதல் வரியிலேயே பிளாக் செய்திருந்தோம். சோதனையில் நூறு முறை நிறுத்தினால் நூறு முறையும் ஒழுங்காக நிற்கும். ஆனால் வாடிக்கையாளர் இடத்தில் சில நாட்கள் கியூ காலியாகாமலே ப்ராசஸ் போய்விடும். சர்வீஸ்களை ஓட்டி நிறுத்தும் சிஸ்டம்டியின் லாகில் "சிக்னலால் கொல்லப்பட்டது, 15" என்று இருக்கும். நாங்களே மூடியிருந்தால் எக்ஸிட் கோட் 0 அல்லவா வர வேண்டும்? 15 என்றால் சிக்டெர்மின் டீஃபால்ட் வேலை நடந்திருக்கிறது, அதாவது யாரோ ஒரு த்ரெட் அதை பிளாக் செய்யவில்லை. நாங்கள் உருவாக்கிய எல்லா த்ரெட்டையும் திரும்பத் திரும்பப் படித்தோம். எல்லாம் சரியாகவே இருந்தது.

கடைசியில் கண் திறந்தது, ஓடும் ப்ராசஸ்களின் விவரத்தைக் கெர்னல் காட்டும் ப்ராக் அடைவில். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அங்கே ஒரு ஸ்டேட்டஸ் ஃபைல் உண்டு, அதில் பிளாக் ஆன சிக்னல்களின் மாஸ்க் பதினாறு ஹெக்ஸ் இலக்கத்தில், ஒரு சிக்னலுக்கு ஒரு பிட்டாக இருக்கும். எங்கள் மாஸ்க் 0000000000004003. சிக்ஹப் 1, சிக்இன்ட் 2, சிக்டெர்ம் 15. கடைசி 3 முதலிரண்டுக்கு, 4000 மூன்றாவதற்கு. ஓடும் ப்ராசஸில் பதினான்கு த்ரெட். பதிமூன்றில் 4003. ஒன்றில் வெறும் பூஜ்யங்கள்.

அந்த ஒன்று எங்களுடையது இல்லை. நாங்கள் லிங்க் செய்திருந்த ஒரு லைப்ரரி, தன் கன்ஸ்ட்ரக்டரில் (ஏற்றப்பட்டதும் தானாக ஓடும் ஃபங்ஷன்) பின்னணி வேலைக்கு ஒரு த்ரெட் கிளப்பியிருந்தது. கன்ஸ்ட்ரக்டர் மெயினுக்கு முன்னால் ஓடும். நாங்கள் முதல் வரி என்று நினைத்தது முதல் வரியே இல்லை.

சரி, அப்படியானால் ஏன் எப்போதும் சாகவில்லை? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சிக்வெயிட்டில் தூங்கும்போது, அது எதிர்பார்த்துக் காத்திருக்கும் சிக்னல்களை அந்த த்ரெட்டின் மாஸ்கிலிருந்து கெர்னல் தற்காலிகமாக எடுத்துவைக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்று தேடும்போது முதலில் மெயின் த்ரெட்டைத்தான் பார்க்கும். மெயின் காத்திருந்தால் "எனக்கு வேண்டும்" என்று நிற்கிறது, அதற்கே போகும். கான்ஃபிக் படிக்கும் அந்த இரண்டு செகண்ட் மட்டும் மெயின் அங்கே இல்லை, மாஸ்க் பழையபடி மூடியிருக்கும். கெர்னல் அடுத்தடுத்த த்ரெட்டைக் கேட்டுக்கொண்டே போய் லைப்ரரி த்ரெட்டில் நிற்கும். அங்கே ஹேண்ட்லரும் இல்லை, பிளாக்கும் இல்லை. முழு ப்ராசஸும் காலி. வாடிக்கையாளரின் நிறுவும் ஸ்க்ரிப்ட்டில் சிக்ஹப் அனுப்பிய கையோடு சிக்டெர்ம் அனுப்பும் ஒரு வழி இருந்தது. சில நாட்கள் மட்டும் அந்த வழியில் போகும்.

தீர்வாக அந்த லைப்ரரியை லிங்க் செய்வதை விட்டு, பிளாக் செய்த பிறகு டிஎல்ஓபன் மூலம் ஓடும்போதே ஏற்றினோம். நம் கன்ஸ்ட்ரக்டரில் பிளாக் செய்யலாமே என்றால், நாம் சார்ந்திருக்கும் லைப்ரரிகளின் கன்ஸ்ட்ரக்டர்கள் நமக்கு முன்னால் ஓடும், பிந்திவிடுவோம்.

ஜனவரி 14, இரவு

மேலே எழுதியதற்கு ஒரு ஒட்டு. டிஎல்ஓபன் முடியாதவர்களுக்கு ஒரு காப்பு வலை உண்டு. சிக்டெர்முக்கு ஒரு சின்ன ஹேண்ட்லரும் வையுங்கள். அது செய்யும் ஒரே வேலை, வந்த சிக்னலை பித்ரெட்_கில் மூலம் சிக்வெயிட் த்ரெட்டுக்குத் திருப்பி அனுப்புவது. 2008 தரத்தைத் திருத்தியபோது ஹேண்ட்லரில் கூப்பிடத்தக்க பட்டியலில் பித்ரெட்_கில்லும் சேர்ந்தது. எல்லா த்ரெட்டும் ஒழுங்காக பிளாக் செய்திருந்தால் இந்த ஹேண்ட்லர் ஓடவே ஓடாது. ஒழுங்கில்லாத ஒன்று இருந்தால் சிக்னல் வீடு மாறிப் போனாலும் விலாசத்துக்கு வந்துவிடும்.

ஜனவரி 21

கேட்டவர் சிக்வெயிட்டுக்கு மாறிவிட்டாராம், உறைவது நின்றுவிட்டதாம். மகிழ்ச்சி. இப்போது புதுப் புகார்: சர்வர் உடனே நிற்கிறது, ஆனால் அது கிளப்பிவிட்ட பிடிஎஃப் மாற்றும் உதவி ப்ரோகிராம்கள் நிற்பதில்லை. சர்வீஸை நிறுத்தினால் ஒன்றரை நிமிடம் தொங்குகிறது.

இதை நான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். மாஸ்க் த்ரெட்டுக்கு மட்டும் பரம்பரைச் சொத்து இல்லை. புது ப்ராசஸ் பிறக்கும் ஃபோர்க்கிலும் போகும், அதில் வேறு ப்ரோகிராமை ஏற்றும் எக்ஸெக்கைத் தாண்டியும் போகும். ஹேண்ட்லர்கள் எக்ஸெக்கில் டீஃபால்ட்டுக்குத் திரும்பிவிடும், மாஸ்க் திரும்பாது. உங்கள் பிடிஎஃப் ப்ரோகிராம் பிறக்கும்போதே காது அடைபட்டுப் பிறக்கிறது. சிக்டெர்ம் அதற்குக் கேட்காது. அதை எழுதியவருக்கு இப்படி யாராவது அனுப்புவார்கள் என்று தோன்றியிருக்காது, அவர் மேல் குறை இல்லை. சிஸ்டம்டி எல்லா ப்ராசஸுக்கும் சிக்டெர்ம் அனுப்பிவிட்டு, டீஃபால்ட்டாக 90 செகண்ட் பொறுத்துப் பார்த்து, பிறகு கில் -9 போடுகிறது. உங்கள் ஒன்றரை நிமிடம் அதுதான்.

ஃபோர்க்குக்கும் எக்ஸெக்குக்கும் நடுவே, குழந்தைப் பக்கத்தில், மாஸ்கைக் காலி செய்யுங்கள். இரண்டையும் ஒரே அழைப்பில் செய்யும் போசிக்ஸ்_ஸ்பான் பயன்படுத்தினால் மாஸ்க் வைப்பதற்கு அதில் தனி அட்ரிபியூட் இருக்கிறது, அதை நிரப்புவதோடு அதற்கான கொடியையும் போடுங்கள். கொடியை மறந்தால் அட்ரிபியூட் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஷெல் கட்டளையை ஓட்டும் சிஸ்டம், பிஓபன் ஃபங்ஷன்கள் இரண்டிலும் இந்த வசதி இல்லை. சிக்னலை பிளாக் செய்யும் ப்ரோகிராமில் அவை இரண்டையும் நான் அனுமதிப்பதில்லை. கோட் ரிவியூவில் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஜனவரி 22

சிஸ்டம் ஃபங்ஷன் மேல் அவ்வளவு கோபம் ஏன் என்று ஒருவர் கேட்கிறார். இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் சிக்னல் த்ரெட் சிக்சைல்டு வந்ததும் வெயிட்பிட்டுக்கு மைனஸ் ஒன்று கொடுத்து, முடிந்த எந்தக் குழந்தையையும் அள்ளிக்கொள்கிறது. வேறொரு த்ரெட் சிஸ்டம் கூப்பிட்டுத் தன் குழந்தைக்காகக் காத்திருக்கிறது. முந்திக்கொள்பவர் அள்ளிவிடுவார். பிந்தியவருக்கு "உனக்குக் குழந்தையே இல்லை" என்று பதில். வேலை சரியாக முடிந்திருக்கும், சிஸ்டம் மட்டும் மைனஸ் ஒன்று தரும்.

சிக்சைல்டு பற்றி இன்னொன்று. சாதாரண சிக்னல்கள் வரிசையில் நிற்காது. ஐந்து குழந்தைகள் ஒரே நேரத்தில் முடிந்தால் ஒரே ஒரு சிக்சைல்டு வரலாம். எனவே சிக்வெயிட் ஒருமுறை திரும்பினால், மிச்சம் இல்லை என்று சொல்லும் வரை வெயிட்பிட்டைச் சுற்றவிட வேண்டும். வரிசையில் நிற்பவை ரியல்டைம் சிக்னல்கள் மட்டும். அவற்றுக்கு எண்ணை நேரடியாக எழுதாதீர்கள். கெர்னலில் அவை 32-ல் தொடங்கினாலும் 32, 33 இரண்டையும் ஜிலிப்சி தன் சொந்த வேலைக்கு எடுத்துக்கொண்டு, குறைந்த எண் 34 என்றே நமக்குச் சொல்கிறது.

ஜனவரி 22, மறுபடி

சிக்சைல்டுக்கு டீஃபால்ட் வேலையே "கண்டுகொள்ளாதே" என்பதுதான். அப்படியானால் பிளாக் செய்து காத்திருந்தால் வருமா? லினக்ஸில் வரும். பிளாக் ஆன சிக்னலை லினக்ஸ் கெர்னல் எறிவதில்லை. மற்ற இடங்களில் உத்தரவாதம் இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் இக்னோர் ஆன சிக்னலுக்குக் காத்திருக்க முடியாது. டம்ப்-இனிட் என்ற சின்ன ப்ரோகிராம் அதற்காகவே ஒன்றும் செய்யாத ஒரு ஹேண்ட்லரை வைத்திருக்கிறது. கன்டெய்னருக்குள் (தனியே பிரித்து வைத்த ப்ராசஸ் கூட்டம்) முதல் ப்ராசஸாக உட்கார்ந்து, வரும் சிக்னலை சிக்வெயிட்டால் எடுத்து உள்ளே அனுப்புவதுதான் அதன் பிழைப்பு. கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் கூடவே வரும் டைனியும் அதே வகை. அது காத்திருக்கக் கால வரம்பு உள்ள சிக்டைம்ட்வெயிட் போட்டு ஒரு செகண்டுக்கு ஒருமுறை எழுகிறது. இரண்டும் சில நூறு வரிதான். இந்த விஷயத்தைக் கற்க அவற்றைவிட நல்ல வாசிப்பு எனக்குத் தெரியவில்லை. குழந்தையின் மாஸ்கை எங்கே திருப்பி வைக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள், நேற்று நான் எழுதியது அங்கே இருக்கும்.

பிப்ரவரி 3

"சிக்னல்எஃப்டி இருக்கும்போது சிக்வெயிட் எதற்கு?" நியாயமான கேள்வி. லினக்ஸ் 2.6.22-ல், 2007-ல் வந்தது. சிக்னலை ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் (ஃபைல் போலப் படிக்க உதவும் எண்) ஆக்கித் தரும். ரீட் செய்தால் 128 பைட்டில் விவரம் வரும். சாக்கெட்களை (நெட்வொர்க் இணைப்புகள்) மொத்தமாகக் கவனிக்கும் ஈபோலில் போட்டு ஒரே த்ரெட்டில் சுற்றும் ப்ரோகிராம் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன். ஏனென்றால் ஈபோலும் சிக்வெயிட்டும் ஒரே த்ரெட்டில் ஒரே நேரத்தில் தூங்க முடியாது.

ஆனால் அதற்கும் சிக்னல்களை முன்கூட்டியே பிளாக் செய்தாக வேண்டும். மேலே சொன்ன லைப்ரரி த்ரெட், காது அடைபட்ட குழந்தை, ஒன்றாகச் சேர்ந்துவிடும் சிக்சைல்டு, எல்லாமே அங்கேயும் அப்படியே. வாசல்தான் வேறு.

மேக்கிலும் ஓட வேண்டும் என்றால் சிக்னல்எஃப்டி இல்லை, சிக்வெயிட்இன்ஃபோவும் சிக்டைம்ட்வெயிட்டும்கூட இல்லை. சிக்வெயிட் இருக்கிறது.

ஹேண்ட்லரில் செம்_போஸ்ட் மட்டும் செய்து, ஒரு த்ரெட்டை அந்த செமஃபோரில் (எண்ணிக்கை வைத்து எழுப்பும் கருவி) காத்திருக்க வைப்பதும் முறையான வழிதான். ஜாவா ப்ரோகிராம்களை ஓட்டும் ஹாட்ஸ்பாட் அப்படித்தான் செய்கிறது. முதல் நாள் அந்த வழியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 4

கொஞ்சம் வேறு பக்கம். உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்ட் ஃபோனில் இப்போது எத்தனை த்ரெட் சிக்வெயிட்டில் காத்திருக்கிறது தெரியுமா? ஓடும் ஒவ்வொரு ஆப்புக்கும் ஒன்று. அதன் பெயர் சிக்னல் கேச்சர். ஒரு ஆப் தொடுதலுக்கு ஐந்து செகண்ட் பதில் தராவிட்டால் "பதிலளிக்கவில்லை" என்று ஒரு பெட்டி வருமே, அந்த நேரத்தில் ஆண்ட்ராய்ட் அதற்கு சிக்குவிட் என்ற சிக்னலை அனுப்புகிறது. சிக்னல் கேச்சர் எழுந்து, ஆப்பின் எல்லா த்ரெட்டும் எந்த வரியில் நிற்கின்றன என்று எழுதிவைக்கிறது. இந்த வேலையை ஹேண்ட்லரில் செய்ய முடியாது. நினைவகம் ஒதுக்க வேண்டும், பூட்டுப் பிடிக்க வேண்டும், ஃபைல் எழுத வேண்டும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் சர்வரிலும் சிக்னலுக்கென்று ஒரு த்ரெட் உண்டு. ஒரு சிக்னலுக்கு ஒரு த்ரெட் வீணா என்று கேட்டவருக்கு இதை அன்றே காட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 17

சிக்வெயிட்டை விட்டு சிக்வெயிட்இன்ஃபோவுக்கு மாறியதால் எங்களுக்குக் கிடைத்த ஒரு நன்மையும் ஒரு தலைவலியும்.

நன்மை: யார் அனுப்பினார் என்று தெரியும். அனுப்பியவரின் ப்ராசஸ் எண், யூசர் எண் இரண்டும் வரும். தினமும் அதிகாலை 3.10-க்கு எங்கள் சர்வர் ஒழுங்காக மூடிக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. எண்ணை லாகில் போட்டதும் ஒரே இரவில் தெரிந்தது. பழைய சுத்தம் செய்யும் ஸ்க்ரிப்ட் ஒன்று, பெயரின் ஒரு பகுதி பொருந்தினால் போதும் என்று தேடி சிக்டெர்ம் அனுப்பியது. எங்கள் சர்வரின் பெயரில் அது தேடிய நான்கு எழுத்து இருந்தது.

தலைவலி: சிக்வெயிட் இடையூறு என்று சொல்லித் திரும்பாது, ஜிலிப்சி உள்ளேயே சமாளித்துவிடும். சிக்வெயிட்இன்ஃபோ ஈஇன்ட்ர் (இடையூறு) என்ற பிழையோடு திரும்பும். ஹேண்ட்லரே இல்லாத ப்ரோகிராமிலும் திரும்பும்: லினக்ஸில் ப்ராசஸை ஸ்டாப் செய்து மறுபடி ஓடவிட்டால் போதும். எங்கள் கோட் பிழை என்றாலே லூப்பை விட்டு வெளியேறியது. யாரோ ஒருமுறை டெர்மினலில் நிறுத்தி ஓடவிட்டார், சிக்னல் த்ரெட் அமைதியாகப் போய்விட்டது. அதன் பிறகு சிக்டெர்மை எடுக்க ஆள் இல்லை. எல்லோரும் பிளாக், யாரும் காத்திருக்கவில்லை. கில் -9 ஒன்றுதான் வழி. இப்போது ஈஇன்ட்ர் என்றால் மறுபடி சுற்று, வேறு பிழை என்றால் சத்தமாக அபார்ட் செய்.

பிப்ரவரி 18

ஜிடிபியில் (ப்ரோகிராமை நிறுத்திப் பிழை தேட உதவும் டிபக்கர்) கன்ட்ரோல்-சி அழுத்தினால் ப்ரோகிராம் நிற்காமல் மூடிக்கொள்கிறது என்று எழுதியவருக்கு: டிபக்கர் சிக்னலைப் பார்ப்பது அது த்ரெட்டுக்கு டெலிவரி ஆகும்போது. சிக்வெயிட் அதை டெலிவரிக்கு முன்பே வரிசையிலிருந்து எடுத்துக்கொள்கிறது, டிபக்கருக்குத் தகவலே போகாது. இதற்காகத்தான் நான் சிக்குவிட்டை ஒருபோதும் பிளாக் செய்வதில்லை. கன்ட்ரோலையும் பின்சாய்வையும் சேர்த்து அழுத்தினால் ஜிடிபி நிற்கும். டிபக்கர் இல்லாதபோது கோர் ஃபைல் (அந்த நொடியின் நினைவகப் பதிவு) கிடைக்கும், லிமிட் அனுமதித்தால்.

மார்ச் 9

ஜனவரியில் எழுதிய ப்ராக் சோதனையை இப்போது எங்கள் டெஸ்ட்டிலேயே சேர்த்துவிட்டேன். சர்வர் எழுந்து ஐந்து செகண்ட் கழித்து எல்லா த்ரெட்டின் ஸ்டேட்டஸையும் படித்து, மாஸ்கில் 4003 இல்லாத ஒன்று இருந்தால் த்ரெட்டின் பெயரோடு தோற்கும். இருபது வரிகூட இல்லை. கேட்டவரும் வாங்கிப் போட்டிருக்கிறார்.

நேற்று அது முதல்முறையாகத் தோற்றது. ஒரு த்ரெட்டில் 0000000000000003. லைப்ரரி இல்லை, எங்கள் கோடுதான். புதிதாகச் சேர்ந்தவர் சிக்ஹப், சிக்இன்ட் இரண்டையும் "கூடுதலாக" பிளாக் செய்ய நினைத்து, சேர்க்கும் கொடிக்குப் பதில் முழுதாக மாற்றும் கொடியைக் கொடுத்திருந்தார். பரம்பரையாக வந்த சிக்டெர்ம் அந்த வரியில் திறந்துகொண்டது. அவரோடு உட்கார்ந்து அந்த வரியை மாற்றவில்லை, எடுத்தே விட்டோம். அந்த த்ரெட் பிறக்கும்போதே அதனிடம் மூன்றும் இருந்தன.